பழகாத கைகளுக்கு

2018 ஜனவரி 10. லாஸ் வேகாஸ் மாநாட்டு மையத்தின் நடு அரங்கில் முற்பகல் பதினொன்றேகால் மணி வாக்கில் கரண்ட் போனது. அன்று அங்கே நடந்துகொண்டிருந்தது சி.இ.எஸ்., மின்னணுச் சாதன வியாபாரிகள் உலகெங்கிலுமிருந்து ஆண்டுக்கொரு முறை கூடும் கண்காட்சி. சுவர் அகலத் தொலைக்காட்சிகளும், கூப்பிட்டால் பதில் சொல்லும் ஸ்பீக்கர்களும் ஒரே நொடியில் வெறும் பிளாஸ்டிக் பெட்டிகளாயின. வந்தவர்கள் கைப்பேசி டார்ச்சைப் போட்டுக்கொண்டு வாசலைத் தேடினார்கள். நிலைமை சீராக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

காரணம் மழை. பாலைவன நகரில் பல மாதம் கழித்துப் பெய்த கனமழையின் ஈரம் மையத்தின் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் வியர்வைபோலப் படிந்து ‘ஃபிளாஷ்ஓவர்’ ஆகியிருக்கிறது என்றது மின் நிறுவனத்தின் முதற்கட்டக் கணிப்பு. உயர் அழுத்தக் கம்பியைத் தாங்கும் பீங்கான் அல்லது ரெசின் காப்பான் உலர்ந்திருக்கும்வரை மின்சாரத்தை விடாது. அதன் மேல் தூசி படிந்து, தூசியின் மேல் ஈரமும் படிந்தால் அந்தச் சேறு மெல்லிய கம்பியாக வேலை செய்யும். கொஞ்சம் கசியும், கசிந்த இடம் சூடாகும், கடைசியில் மேற்பரப்பு நெடுக மின்பொறி ஓடிவிடும். இதெல்லாம் எந்தக் கட்டடத்திலும் நடக்கக்கூடியதுதான். மாநாட்டு மையத்தில் நடக்கும்போது மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள், அந்தக் கட்டடத்தை முதல்முறையாகப் பார்க்கிறவர்கள், உள்ளே இருப்பார்கள்.

வீட்டு ஒயரிங்குக்கும் விடுதி, மாநாட்டு மைய ஒயரிங்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று தோன்றுகிறது. வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று கைக்குத் தெரியும். அடுக்களை பிளக் கொஞ்சம் லூஸ் என்பதும், கீசர் ஓடும்போது இஸ்திரிப் பெட்டி போட்டால் டிரிப் ஆகும் என்பதும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்த ரகசியங்கள். குறைகளோடு குடும்பம் நடத்தப் பழகியிருப்போம். விடுதி அறைக்கு இரவு பதினொரு மணிக்கு வந்து சேருகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. மின்விளக்கு புதிதாக வந்த காலத்தில் அமெரிக்க விடுதி அறைகளில் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டியிருந்தார்கள்: இந்த அறையில் எடிசன் விளக்கு இருக்கிறது, தீக்குச்சி கிழித்துக் கொளுத்த முயல வேண்டாம், கதவருகே உள்ள திருகைத் திருப்பினால் போதும், இதனால் உடம்புக்கோ தூக்கத்துக்கோ கெடுதல் இல்லை. எரிவாயு விளக்குக்குப் பழகிய கை என்ன செய்யும் என்பதை யோசித்து எழுதிய பலகை அது. விடுதிகளுக்கும் அரங்குகளுக்கும் மின்வேலை, தொலைத்தொடர்பு வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களின் தலைவலி இன்றைக்கும் அதே கைதான்.

கண்காட்சி அரங்கையே எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை அது வெறும் சிமெண்டுத் தரை. புதன்கிழமை அதில் ஒரு ஊரே எழுந்துவிடும். ஞாயிறன்று மறுபடி வெறும் தரை. அடுத்த வாரம் படகுக் கண்காட்சியா, பல் மருத்துவர் மாநாடா என்பது கட்டடத்துக்குத் தெரியாது. ஒரு வாரம் ஆயிரம் செல்போன் சார்ஜர்கள், அடுத்த வாரம் நாற்பது ரொட்டி அடுப்புகள். வீடு கட்டும்போது போடும் லோடு கணக்கு இங்கே செல்லாது. அதனால் தரைக்கடியில் பள்ளம் வெட்டி, சீரான இடைவெளியில் மூடி போட்ட பெட்டிகளைப் புதைத்து வைக்கிறார்கள். மூடியைத் தூக்கினால் மின்சாரம், டேட்டா கேபிள் இணைப்பு, சில அரங்குகளில் தண்ணீர்க் குழாயும் அழுத்தக் காற்றுக் குழாயும்கூட இருக்கும். ஸ்டால் எங்கே வந்தாலும் பக்கத்தில் ஒரு பெட்டி அகப்படும் என்பது கணக்கு.

ஸ்டால்காரர் தனக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் ஒரு கூத்து உண்டு. பகல் முழுக்க எல்லாம் சரியாக ஓடும். இரவு அரங்கைப் பூட்டும்போது ஸ்டால்களுக்கான மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். இருபத்துநான்கு மணி நேர இணைப்பு தனிக் கட்டணம். அதைக் கவனிக்காமல் படிவத்தை நிரப்பிய ஐஸ்கிரீம் கம்பெனி மறுநாள் காலை ஃப்ரீசரைத் திறந்து பார்க்கும்.

பெரிய ஸ்டால்களுக்கும் மேடைகளுக்கும் பிளக் போதாது. கட்டைவிரல் பருமனில் ஐந்து தனித்தனிக் கேபிள்களை இழுத்து வருவார்கள்: எர்த், நியூட்ரல், மூன்று ஃபேஸ். ஒவ்வொன்றின் முனையிலும் ‘கேம்லாக்’ என்கிற ரப்பர் உறை போட்ட ஒற்றை இணைப்பி. உள்ளே தள்ளித் திருகினால் பூட்டிக்கொள்ளும். மாட்டும் வரிசை மாறவே கூடாது. முதலில் எர்த், பிறகு நியூட்ரல், அதன் பிறகுதான் ஃபேஸ்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தானே மாட்டுகிறோம், வரிசை எதற்கு என்று கேட்கலாம். யாராவது ஒருவர் நிறுத்த மறந்த அன்றைக்காகத்தான் அந்த வரிசை. ஃபேஸ்கள் உயிரோடிருக்க நியூட்ரல் மட்டும் கழன்றால், அமெரிக்க அரங்கில் 120 வோல்ட்டுக்குச் செய்த சாதனங்கள் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். அங்கே இருப்பது 208 வோல்ட். அதை அவை சரிசமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. குறைவாக மின்சாரம் இழுக்கும் சாதனத்தின் தலையில் அதிக வோல்ட் விழும். பத்து ஹீட்டர் ஒரு பக்கம், ஒரு லேப்டாப் சார்ஜர் மறுபக்கம் என்றால் புகைவது சார்ஜர்தான்.

இதோடு நிறக் குழப்பமும் சேர்கிறது. அமெரிக்க அரங்கில் வெள்ளை நியூட்ரல். கறுப்பு, சிவப்பு, நீலம் ஃபேஸ்கள். இந்திய எலக்ட்ரீசியன்கள் தலைமுறைகளாகப் பழகியது சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். ஐரோப்பாவில் நீலம் நியூட்ரல். ஆக, கோயம்புத்தூர்க்காரர் நியூட்ரல் என்று நினைத்துத் தொடும் கறுப்புக் கம்பி லாஸ் வேகாஸில் உயிருள்ளது. ஜெர்மானியர் நியூட்ரல் என்று நம்பும் நீலக் கம்பி இரண்டு ஊரிலும் உயிருள்ளது. கண்காட்சிக்குச் சாமான் கொண்டுவரும் கம்பெனி தன் ஆளை வைத்தே இணைப்புக் கொடுக்கக் கூடாது, அரங்கின் ஒப்பந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்று பல மையங்கள் அடம்பிடிப்பதற்குக் காசு ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணமில்லை.

நியூட்ரலைப் பற்றி இன்னும் ஒன்று. மூன்று பேர் ஒரு வளையத்தை மூன்று திசையில் சம பலத்தோடு இழுத்தால் வளையம் நகராது. மூன்று ஃபேஸ் மின்சாரமும் இப்படித்தான்: மூன்றிலும் சம லோடு இருந்தால் நியூட்ரலில் போவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. குண்டு பல்பு காலத்தில் இதை நம்பி நியூட்ரல் கம்பியை மெலிதாகவே போட்டார்கள். எல்.இ.டி. திரைகளும் கம்ப்யூட்டர்களும் வந்ததும் கதை மாறியது. அவற்றிலுள்ள மலிவான பவர் சப்ளைகள் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. அலையின் உச்சி வரும்போது மட்டும் ஒரு வாய் அள்ளிக் குடிக்கும். இந்த இழுப்பில் மூல அலையைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கும் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. மூன்று ஃபேஸ்களிலுமுள்ள இந்தப் பங்குகள் எதிரெதிராக இழுப்பதில்லை, ஒரே திசையில் சேர்ந்து இழுக்கின்றன. ஒன்றுமே போகக்கூடாத நியூட்ரலில் ஃபேஸைவிட அதிகமாக, கணக்குப்படி 1.73 மடங்கு வரை, மின்சாரம் ஓடலாம். ஃபேஸுக்கு பிரேக்கர் உண்டு. நியூட்ரலுக்குப் பெரும்பாலும் கிடையாது. எனவே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அது சூடாகிக்கொண்டே போகும். நல்ல ஒப்பந்தக்காரர் அரங்குக்கு நியூட்ரலை இரட்டிப்பாக இழுப்பது வீண்செலவு இல்லை.

கம்பி விவகாரம் இப்படி என்றால் கம்பியில்லாத விவகாரம் வேறு மாதிரி. 2010 ஜூன் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ அறிமுகப்படுத்தினார். மேடையில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து காட்ட முயன்றார், திறக்கவில்லை. பிறகு காரணத்தைச் சபையிலேயே சொன்னார்: இந்த அறைக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, தயவுசெய்து அணைத்து வையுங்கள். செய்தியாளர்களும் வலைப்பதிவர்களும் பையில் கொண்டுவந்திருந்த கையடக்க ஹாட்ஸ்பாட்டுகள் அவை.

வைஃபையின் அடிப்படை விதி கிராமத்துப் பஞ்சாயத்தின் விதி: ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. பேசுமுன் காதைத் தீட்டிக் கேட்க வேண்டும், சத்தமில்லை என்றால் பேசலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் அமெரிக்காவில் கிடைப்பது மூன்றே சானல்கள்: 1, 6, 11. அறைக்குள் 570 நிலையங்கள் இருந்தால் ஒவ்வொரு சானலிலும் ஏறக்குறைய இருநூறு பேர் வாய் திறக்கச் சந்தர்ப்பம் பார்த்துக் காத்திருப்பார்கள். இதற்கு மருந்து அதிகச் சக்தியுள்ள ஆண்டெனா என்று தோன்றும். உண்மை நேரெதிர். சத்தமாகப் பேசுகிறவரின் குரல் அரங்கின் மறுகோடி வரை கேட்கும், அங்கிருப்பவர்களும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க நேரும். ஆகவே நிறைய நிலையங்களை வைத்து, ஒவ்வொன்றையும் கிசுகிசுக்க வைக்கிறார்கள். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். விளையாட்டரங்குகளில் நிலையங்களை இருக்கைக்கடியில் பொருத்தும் வழக்கத்துக்கு இது பயன்படுகிறது: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் உடம்பே சுவராக நின்று ஒரு நிலையத்தின் குரலை இன்னொன்றுக்கு எட்டாமல் தடுக்கும். காலி அரங்கில் அருமையாக வேலை செய்து, கூட்டம் வந்ததும் படுத்துவிடுகிற வைஃபையைப் பார்த்தவர்களுக்கு இதே கணக்கின் மறுபக்கம் விளங்கும். சோதனை செய்த அன்று உறிஞ்ச ஆளும் இல்லை, பேச ஆளும் இல்லை.

சிலர் இந்த நெரிசலைக் காரணம் காட்டி வேறு வழி கண்டுபிடித்தார்கள். வைஃபை நிலையம் ஒரு கருவியைப் பார்த்து “உன் இணைப்பு முடிந்தது, போகலாம்” என்று சொல்ல ஒரு சிறு செய்தி உண்டு. பழைய தர விதிகளில் அந்தச் செய்திக்குக் கையெழுத்துச் சோதனை கிடையாது. யார் வேண்டுமானாலும் நிலையத்தின் பெயரைப் போட்டு அனுப்பலாம், கருவி நம்பிவிடும். இதை ஓயாமல் அனுப்பினால் விருந்தினரின் சொந்த ஹாட்ஸ்பாட் உட்கார்ந்த இடத்திலேயே செத்துவிடும். பிறகு அவர் அரங்கின் வைஃபையைக் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும்.

நாஷ்வில்லில் மாரியட் நடத்திய கேலார்ட் ஆப்ரிலேண்ட் விடுதியின் மாநாட்டுப் பகுதியில் இது நடந்தது. கண்காட்சிக்காரர்களிடம் ஒரு கருவிக்கு 250 முதல் 1,000 டாலர் வரை வைஃபை கட்டணம் வாங்கிய இடம். 2014 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 6,00,000 டாலர் அபராதத்துக்கு மாரியட்டைச் சம்மதிக்க வைத்தது. 2015 ஆகஸ்டில் பல மாநாட்டு மையங்களுக்கு இணையச் சேவை செய்த ஸ்மார்ட் சிட்டி என்ற நிறுவனம் 7,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் பால்டிமோர் மாநாட்டு மையத்தில் வைஃபை நடத்திய எம்.சி. டீன் நிறுவனத்துக்கு 7,18,000 டாலர் அபராதம் விதிக்க ஆணையம் முன்மொழிந்தது. எம்.சி. டீன் அந்த நாட்டின் பெரிய மின் ஒப்பந்த நிறுவனங்களில் ஒன்று. கம்பி இழுக்க வந்தவரே காற்றுக்கும் வாடகை கேட்ட கதை.

லாஸ் வேகாஸுக்கே திரும்பலாம். மாநாட்டு மையம் இருக்கும் அதே ஊரில் நின்றது அன்றைய எம்.ஜி.எம். கிராண்ட் விடுதி. 26 மாடி, இரண்டாயிரத்துச் சொச்சம் அறைகள். 1980 நவம்பர் 21 காலை ஏழு மணிக்குப் பிறகு கீழ்த்தளத்து உணவகம் ஒன்றில் தீ தெரிந்தது. அங்கே பலகாரங்களை அடுக்கி வைக்கும் ஒரு குளிர்பெட்டி இருந்தது. அதற்குப் போன கம்பிகள் சுவருக்குள், வளையக்கூடிய அலுமினியக் குழாயில் சென்றன. கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் அதிர்வு, அதிர்வால் உரசல். ஆண்டுக்கணக்கில் உரசி உரசி கம்பியின் மேலுறை தேய்ந்தது. எர்த் பாதை ஒழுங்காக இல்லை.

எர்த் நல்ல நிலையில் இருந்திருந்தால், தேய்ந்த கம்பி குழாயைத் தொட்டவுடன் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து பிரேக்கர் விழுந்திருக்கும். ஆட்களுக்கு ஒரு சலிப்பு, எலக்ட்ரீசியனுக்கு ஒரு போன் கால், அவ்வளவோடு முடிந்திருக்கும். அரைகுறை எர்த்தில் பாய்வது சில ஆம்பியர்தான். பிரேக்கர் அதைப் பார்த்து இன்னொரு மிக்ஸி ஓடுகிறது என்று எண்ணிக்கொள்ளும். 120 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் என்றால் 600 வாட். ஒரு சின்ன மின்னடுப்பைச் சுவருக்குள் ஒளித்து, மரச்சட்டத்தின் பக்கத்தில் வைத்து, மூடிவிட்டுப் போனதற்குச் சமம். இந்தத் திருட்டு மின்சாரத்தைப் பிடிக்கத்தான் இன்று நம் வீட்டுப் பெட்டியிலும் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. அது எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை; போனது அத்தனையும் திரும்பி வந்ததா என்று மட்டும் எண்ணும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே கதவை அடைத்துவிடும்.

அந்த உணவகத்தில் தீயணைப்புத் தெளிப்பான்கள் இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் நடமாடும் இடம், தீப்பிடித்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கட்டும்போதே விலக்கு வாங்கியிருந்தார்கள். பிறகு உணவகத்தின் நேரம் குறைக்கப்பட்டது. விலக்கு மட்டும் அப்படியே இருந்தது. அன்று காலை உணவகம் மூடிக் கிடந்தது. தீ சூதாட்டக் கூடத்துக்குள் பாய்ந்து சில நிமிடங்களில் அதை விழுங்கியது. புகை மாடிப்படிகளிலும் லிஃப்ட் துளைகளிலும் ஏறியது. இறந்தவர்கள் 85 பேர். பெரும்பாலோர் தீயே எட்டாத மேல்மாடிகளில், புகையால் இறந்தவர்கள். விடுதி முழுவதற்குமான அபாய மணி அன்று ஒலிக்கவே இல்லை. அந்தக் கட்டடத்தில் வழக்கமாக வசிக்கிறவராக இருந்திருந்தால் இருட்டிலும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று கை தடவிப் போயிருப்பார். அங்கிருந்தவர்களில் பலர் அந்தத் தாழ்வாரத்தில் நடந்ததே ஓரிரு தடவைதான்.

தாழ்வாரத்தின் குறைவெளிச்ச விளக்கு, தரையையொட்டிய வெளியேறும் குறி, அபாய மணியோடு சேர்ந்து பேசும் ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் தனி மின்பாதையும் பேட்டரி போன்ற மாற்று மின்சாரமும் வேண்டுமென்று விதிகள் சொல்வது இதற்காகத்தான். விடுதி மின்வேலையில் விருந்தினர் கண்ணில் படாத பாதி இதுதான். விலைப்புள்ளி கேட்கும்போது முதலில் வெட்டப் பார்க்கிறதும் பெரும்பாலும் இந்தப் பாதியைத்தான்.

பழகாத கையின் சிக்கல் அறையின் போனிலும் உண்டு. 2013 டிசம்பரில் டெக்சாஸின் மார்ஷல் என்ற ஊரில், ஒரு விடுதி அறையில், காரி ஹண்ட் என்ற பெண்ணைப் பிரிந்து வாழ்ந்த கணவன் கத்தியால் தாக்கினான். அறையில் இருந்த அவருடைய ஒன்பது வயது மகள் போனை எடுத்து, சொல்லிக் கொடுத்திருந்தபடி அவசர உதவி எண்ணான 911-ஐ அழுத்தினாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். நான்கு தடவை முயன்றாள். வெளி லைன் கிடைக்க முதலில் ஓர் ஒன்பதை அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார்.

இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது? நம் ஊர் விடுதிகளில் வெளி லைனுக்குப் பெரும்பாலும் பூஜ்யம், அங்கே ஒன்பது. விடுதிக்குள்ளிருக்கும் சிறு எக்ஸ்சேஞ்சான பி.பி.எக்ஸ். ஒவ்வொரு இலக்கமாக வாங்கி முடிவெடுக்கும். 2 வந்தால் இரண்டாம் மாடி அறை எண், 9 வந்தால் வெளியே போகிற லைன் என்று சொல்லி வைத்திருப்பார்கள். குழந்தை அழுத்திய 911-இல் முதல் ஒன்பதை அது வெளி லைனுக்கான கோரிக்கையாக எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ‘11’ எந்த எண்ணும் ஆகாது. அடுத்த இலக்கத்துக்காக எக்ஸ்சேஞ்ச் பொறுமையாகக் காத்திருக்கும். கருவியில் பழுது எதுவும் கிடையாது. அது சொன்னபடி கேட்டது. பெரும்பாலான பி.பி.எக்ஸ்.களில் இதை மாற்ற ஆகும் செலவு ஒரு தொழில்நுட்ப ஆள் நிரலில் சேர்க்கும் சில வரிகள்தான்.

காரியின் பெயரிலேயே அமைந்த சட்டம் 2018 பிப்ரவரி 16 அன்று கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அமெரிக்காவில் நிறுவப்படும் இத்தகைய தொலைபேசி அமைப்புகளில் முன்னொட்டு எதுவுமின்றி 911 நேரடியாகப் போக வேண்டும். அழைப்பு போன அதே நேரத்தில் வரவேற்பு மேசைக்கும் தகவல் தட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்போது எந்த அறை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா? இன்னொரு சட்டத்தின் கீழ், விடுதி முகவரி மட்டும் போதாது, மாடியும் அறை எண்ணும் அழைப்போடு சேர்ந்தே போக வேண்டும் என்ற விதியும் வந்தது. 2021 முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது.

வேலையை முடித்துக் கொடுக்கும் தொழில்நுட்ப ஆள் நிரலை எழுதியதோடு கிளம்ப முடியாது. உள்ளூர் அவசர மையத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, அறைகளுக்குப் போய், மூன்று இலக்கத்தை அழுத்தி, மறுமுனையில் இருப்பவரிடம் இது சோதனை என்று சொல்லி, அவர் திரையில் எந்த அறை எண் தெரிகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 911-ஐ மட்டும் சோதித்தால் போதாது. ஆண்டுக்கணக்கில் விடுதிகளில் தங்கி ஒன்பதுக்குப் பழகியவர்கள் பதற்றத்தில் 9911 என்றுதான் அழுத்துவார்கள், அதுவும் போய்ச் சேர வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. வெளி லைனுக்கு 9, வெளியூருக்கு 1 அழுத்தும்போது விரல் தடுமாறி 1 இரண்டு தடவை விழுந்தால் போலீஸ் வந்து கதவைத் தட்டும். அதனால் பல இடங்களில் வெளி லைனையே எட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போனில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரையும் கூடவே மாற்ற வேண்டியிருந்தது, அறை அறையாக.